அம்மாவுக்கு கேபாக்ஸ் கீமோ தொடங்கப் போகிறது, வீட்டில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

மழைக்குருவி:

அம்மாவுக்கு வயது 61. பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து நான்கு வாரம் ஆகிறது, காயம் ஆறிவிட்டது. அடுத்து கேபாக்ஸ் கீமோ. முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் டிரிப், பிறகு 14 நாள் கேபெசிடபைன் மாத்திரை, 7 நாள் ஓய்வு. இப்படி 21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் நான்கு சுற்று. உயரம் 155 செ.மீ., எடை 58 கிலோ. ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பி.பி.க்கு ஒரு மாத்திரை, பலவீனத்துக்கு ஒரு மல்டிவிட்டமின் எடுக்கிறார். வீட்டில் நான், தம்பி, தம்பி மனைவி. அவள் ஐந்து மாத கர்ப்பிணி.

இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. அதற்குள் முடிக்க வேண்டியது என்ன, வீட்டில் வாங்கி வைக்க வேண்டியது என்ன, எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும்? "தைரியமா இருங்க" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வேலையைச் சொன்னால் போதும்.

---

வார்டுவாசல் (கீமோ டே கேர் செவிலியர்):

21 நாளில் உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கப்போவது ஒரே நாள். அதிலும் டிரிப் ஓடுவது இரண்டு மணி நேரம்தான். மிச்சம் 20 நாளும் சிகிச்சை உங்கள் வீட்டில்தான் நடக்கிறது. கேபாக்ஸில் வருகிற பெரிய சிக்கல்கள் பெரும்பாலும் வீட்டில்தான் ஆரம்பிக்கும். அதனால் டிரிப் நாளைப் பற்றிய கவலையைக் குறைத்துக்கொண்டு அந்த 20 நாளுக்குத் தயாராகுங்கள்.

இரண்டரை வாரம் என்றால் முதல் வேலை பல் டாக்டர். ஆடுகிற பல், சொத்தை, ஈறில் சீழ் ஏதாவது இருந்தால் இப்போதே பார்த்துவிட வேண்டும். பல் பிடுங்கினால் புண் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். கீமோ ஆரம்பித்த பிறகு வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் பல்லில் கை வைக்க யாரும் துணிய மாட்டார்கள். அடுத்தது ஃப்ளூ தடுப்பூசி. கீமோவுக்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட்டால்தான் உடம்பு எதிர்ப்பாற்றலை உருவாக்க நேரம் கிடைக்கும். உங்களுக்கு இருப்பது சரியாக அந்த இடைவெளிதான், ஆகவே இந்த வாரமே போட்டுவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி எதுவும் அம்மாவுக்கு இப்போது கூடாது.

ரத்தப் பரிசோதனையில் இரண்டை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஒன்று ஹெபடைட்டிஸ் பி. பழைய தொற்று கல்லீரலில் தூங்கிக்கொண்டிருந்தால் கீமோ அதை எழுப்பிவிடக்கூடும். முன்பே தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம். இரண்டாவது டி.பி.டி. சோதனை. கேபெசிடபைன் உடம்புக்குள் போய் 5-எஃப்.யூ. என்ற புற்றுநோய் மருந்தாக மாறும், அதைச் சிதைத்து வெளியேற்றுவது டி.பி.டி. என்ற நொதி. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகிவிடும். ஐரோப்பிய மருந்து முகமை 2020ல் இந்தச் சோதனையைச் சிகிச்சைக்கு முன்பே செய்யப் பரிந்துரைத்தது. ஆனாலும் எல்லா இடத்திலும் தானாகச் செய்வதில்லை. முடிவு வரச் சில நாள் ஆகும் என்பதால் கடைசி நேரத்தில் கேட்டுப் பயனில்லை.

கை நரம்பைப் பற்றியும் பேசுங்கள். ஆக்சாலிபிளாட்டினைக் கை நரம்பில் ஏற்றினால் அந்தக் கை முழுக்க வலிக்கும், மரத்த மாதிரி இருக்கும். நான்கு சுற்றுதான் என்பதால் பல இடங்களில் கையிலேயே ஏற்றிவிடுவார்கள். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்துகிற கை என்றால் போர்ட் (தோலுக்கடியில் வைத்து, மருந்தை நேராகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் ஏற்ற உதவும் சிறு கருவி) வைப்பதைப் பற்றி இப்போதே கேளுங்கள், இரண்டாவது சுற்றுக்குப் பிறகு கேட்பதில் அர்த்தமில்லை. டிரிப் ஓடும்போது ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இனி காய்ச்சல். மற்றது எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. 38 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 100.4, அதைத் தொட்டாலே அவசரம். காலை வரை பொறுத்துப் பார்ப்போம் என்கிற பேச்சே கூடாது. வெள்ளை அணு குறைந்த உடம்பில் சீழ், வீக்கம், சிவப்பு எதுவும் வெளியே தெரியாது. பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். ஆஸ்பத்திரி வாசலை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்க வேண்டும் என்பது இலக்கு. இதில் வீடுகளில் வழக்கமாக நடக்கிற தப்பு, உடம்பு சுடுகிறதே என்று முதலில் பாராசிட்டமால் கொடுத்துவிடுவது. காய்ச்சல் இறங்கும், தொற்று இறங்காது. முதலில் அளவு பாருங்கள், உடனே போன் பண்ணுங்கள், அவர்கள் சொன்னால் மட்டும் மாத்திரை.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்றில் பேட்டரி தீர்ந்துபோவது எப்போதும் நடுராத்திரிதான். நாக்குக்கு அடியில் வையுங்கள். சூடாகவோ குளிராகவோ ஏதாவது குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து வையுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் அளவல்ல. சளி, இருமல் இல்லாமலேயே நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் 37.5 காட்டினாலும் போன் பண்ணுங்கள்.

போனில் பேசும்போது இந்த வரிசையில் சொல்லுங்கள்: கீமோ நோயாளி, கேபாக்ஸ், இத்தனையாவது சுற்று, டிரிப் ஏறிய தேதி, இப்போது வெப்பநிலை இவ்வளவு, அளந்த நேரம், சர்க்கரை நோயாளி. இதை ஒரு அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். தேதியை மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றினால் போதும். பகலில் வேலை செய்கிற நம்பர் ராத்திரி வேலை செய்யுமா என்பதைச் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

---

மாத்திரைடப்பா (மருந்தாளுநர்):

செவிலியர் சொன்னதோடு மாத்திரைக் கணக்கையும் சேர்க்கிறேன். அம்மாவின் உயரத்துக்கும் எடைக்கும் உடல் பரப்பு சுமார் 1.58 சதுர மீட்டர். கேபாக்ஸில் கேபெசிடபைன் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 1000 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஆக வேளைக்கு ஏறக்குறைய 1500 மி.கி., அதாவது 500 மி.கி. மாத்திரை மூன்று. காலை மூன்று, ராத்திரி மூன்று, 14 நாளுக்கு 84 மாத்திரை. சிறுநீரகம் சுமாராக இருந்தால் டாக்டர் இதைக் குறைப்பார், டி.பி.டி. முடிவும் மாற்றும். உங்கள் சீட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை. ஆனால் இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், 150 மி.கி. மாத்திரையும் 500 மி.கி. மாத்திரையும் இடம் மாறி வந்தால் உடனே கண்ணில் படும்.

பலர் தடுமாறுவது நாள் கணக்கில்தான். டிரிப் ஏறிய அன்று ராத்திரி முதல் வேளை என்றால் 15ஆம் நாள் காலைதான் கடைசி வேளை, 14ஆம் நாள் ராத்திரி அல்ல. மொத்தம் 28 வேளை. காலண்டரில் 28 கட்டம் போட்டு ஒவ்வொன்றாக அடியுங்கள். ஓய்வு வாரத்திலும் விட்டுவிடக் கூடாதே என்று மாத்திரையைத் தொடர்வதுதான் மிக மோசமான தவறு. டப்பாவில் மிச்சம் இருந்தால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும், அதனால் ஒரு சுற்றுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும், இரண்டு வேளைக்கும் நடுவே சுமார் 12 மணி நேரம். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்கியபின் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்காதீர்கள். ஒரு வேளை தவறினால் அது போகட்டும், அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. வாரத்துக்குப் பிரித்து வைக்கிற மாத்திரைப் பெட்டியில் பி.பி. மாத்திரையோடு இதைப் போடாதீர்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போடலாம், இல்லாவிட்டால் மாத்திரையை மூடியில் கவிழ்த்து நேராக அம்மா கையில் கொடுக்கலாம். தம்பி மனைவி இந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

மல்டிவிட்டமினை டாக்டரிடம் காட்டாமல் தொடராதீர்கள். அதில் ஃபோலிக் அமிலம் இருக்கும், அது கேபெசிடபைனின் நச்சுத்தன்மையைக் கூட்டும். வயிற்றுப்போக்கு, வாய்ப்புண் எல்லாம் எதனால் இவ்வளவு அதிகம் என்று தேடும்போது ஒரு சத்து மாத்திரை பின்னால் நிற்பது நடக்கிற கதைதான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இரண்டும் கேபெசிடபைனோடு மோசமாக மோதும். அம்மாவுக்கு அவை இல்லை, ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். மூலிகைச் சூரணம், பாட்டிலில் வருகிற கஷாயம், யாரோ அனுப்பிய பொடி எதுவானாலும் பட்டியலில் எழுதிக் காட்டுங்கள். "அது மருந்தில்லையே" என்று விட்டுவிடுவதுதான் பிரச்சினை.

வாந்தி மாத்திரையைப் பற்றி. ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலையும் தலைவலியையும் கொடுக்கும். டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, தூக்கத்தைக் கெடுக்கும், அதனால் காலையிலேயே கொடுங்கள். சிலருக்கு ராத்திரி ஓலன்சபைன் 2.5 அல்லது 5 மி.கி. எழுதுவார்கள். வீட்டில் யாராவது அதை இணையத்தில் தேடி, "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று நிறுத்திவிடுவார்கள். கீமோவின் குமட்டலுக்கு அது மிக நல்ல மருந்து, தூக்கம் வருவது எதிர்பார்த்ததுதான். குமட்டல் வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருக்காதீர்கள். வந்த குமட்டலை அடக்குவது கஷ்டம், வராமல் தடுப்பது சுலபம்.

சர்க்கரை: ஆக்சாலிபிளாட்டினை உப்பு நீரில் கலக்க முடியாது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் ஏற்றுவார்கள். கூடவே டெக்ஸாமெத்தசோன். ஆக முதல் இரண்டு மூன்று நாள் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் பார்த்தால் நார்மலாகத் தெரிந்து ஏமாற்றும். காலையில் போட்ட ஸ்டீராய்டு சர்க்கரையை மதியத்துக்கு மேல்தான் ஏற்றும், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் ராத்திரியும் பாருங்கள். வாந்தி பேதி அதிகமாகித் தண்ணீர் வற்றினால் மெட்ஃபார்மினையும் பி.பி. மாத்திரையையும் அன்றைக்கு நிறுத்த வேண்டுமா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொல்வது உண்டு.

---

இளந்தூறல்:

பச்சையாக எதையும் கொடுக்காதீர்கள், பழம்கூட வேண்டாம். வருகிறவர்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். தனி அறை, தனித் தட்டு, எல்லோரும் மாஸ்க். இதைக் கடைப்பிடித்தால் தொற்றே வராது.

---

வார்டுவாசல்:

இளந்தூறல், அக்கறை புரிகிறது. ஆனால் அந்தக் கடும் பத்தியம் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. அதனால் சாப்பாடு இறங்காமல் எடை குறைவதுதான் நிஜமாக நடக்கும். கைகழுவுதல், நன்றாகக் கழுவித் தோல் உரித்த பழம், முழுதாக வெந்த இறைச்சியும் முட்டையும், சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைப்பது, ஆறிப்போனதைக் கொதிக்கச் சூடாக்குவது, இவை போதும். தொற்று வரவே வராது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கீமோ நோயாளிக்குக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி பல நேரம் அவர் குடலிலோ தோலிலோ ஏற்கெனவே இருப்பதுதான்.

வருகிறவர்கள் விஷயத்தில் ஒரே கேள்வி போதும்: "உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்குமோ சளி, காய்ச்சல், பேதி, அம்மை இருக்கா?" இருந்தால் வர வேண்டாம். இல்லாவிட்டால் கைகழுவிவிட்டு வந்து உட்காரட்டும். பெரும்பாலான கீமோக்களில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளை அணு மிகக் குறைவாக இருக்கும், அந்த வாரத்தில் கூட்டத்தைக் குறைத்தால் போதும். நான்கு சுவருக்குள் அடைத்து வைத்தால் அம்மா நடக்கவும் மாட்டார், சாப்பிடவும் மாட்டார்.

சாப்பாட்டில் இலக்கு எளிது: எடை குறையக் கூடாது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், அம்மாவுக்கு சுமார் 70 முதல் 87 கிராம். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளையாகச் சிறிது சிறிதாகப் பிரியுங்கள். திங்கட்கிழமை காலை, சிறுநீர் கழித்த பிறகு, ஒரே தராசில் எடை பாருங்கள். இரண்டு கிலோ இறங்கினால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் சொல்லுங்கள், மருந்து அளவு எடையை வைத்துத்தான்.

---

மழைக்குருவி:

நன்றி. இரண்டு கேள்வி. ஐஸ் கட்டி வாயில் போட்டால் வாய்ப்புண் வராது என்று ஓரிடத்தில் படித்தேன், கொடுக்கலாமா? வயிற்றுப்போக்கு எந்த அளவு போனால் பயப்பட வேண்டும்?

---

வார்டுவாசல்:

ஐஸ் கூடவே கூடாது. அந்த யோசனை 5-எஃப்.யூ.வை நரம்பில் மொத்தமாகச் செலுத்துகிறவர்களுக்கு. ஆக்சாலிபிளாட்டினில் குளிர்தான் எதிரி. டிரிப் முடிந்த சில மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து நாள் வரை குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் அடித்த மாதிரி சுரீர் என்னும். குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே வராத மாதிரி தோன்றும். உண்மையில் மூச்சுக்குழாய் அடைபடுவதில்லை, வெதுவெதுப்பாக ஏதாவது குடித்தால் அடங்கிவிடும். ஆனால் முன்பே சொல்லாவிட்டால் நோயாளி செத்துப்போகிறோம் என்றே நினைத்துவிடுவார். மூச்சுத்திணறல் அடங்காமல் இருந்தாலோ, உதடு வீங்கினாலோ, தடிப்பு வந்தாலோ அது ஒவ்வாமை, ஓட வேண்டும். டிரிப் நாளுக்குச் சால்வை, காலுறை, மெல்லிய கையுறை கொண்டுபோங்கள், ஏ.சி. காற்று நேராகப் படாத இருக்கை கேளுங்கள். அந்த ஐந்து நாளும் ஃபிரிட்ஜை அம்மா திறக்க வேண்டாம்.

வாய்க்கு வேறு வழி. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்பவும், தினமும் புதிதாகக் கலக்கவும். மென்மையான பிரஷ். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்கு முதலில் ஒரு வேலை: இந்த வாரமே அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறார் என்று குறித்து வையுங்கள். குடலை வெட்டியவருக்கு மூன்று நாலு தடவையே வழக்கமாகிவிடலாம். வழக்கத்தைவிட நான்கு தடவை கூடினாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருந்தாலோ அடுத்த கேபெசிடபைனை நிறுத்திவிட்டுப் போன். வழக்கம் எவ்வளவு என்றே தெரியாவிட்டால் இந்த விதியால் பயனில்லை. 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் வாந்தி, சாப்பிட முடியாத வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து வலித்து வீங்குவது, இவற்றுக்கும் அதே விதி. நெஞ்சு வலி வந்தால் எவ்வளவு லேசாக இருந்தாலும் அடுத்த மாத்திரை கிடையாது, நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. கேபெசிடபைன் இதய ரத்தக்குழாயைச் சுருங்கவைக்கும், முன்பு இதய நோயே இல்லாதவருக்கும் இது வரலாம்.

பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வீட்டில் இருக்கட்டும். லோபரமைடு எப்போது, எவ்வளவு என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று இருந்தால் ஒரு லிட்டரிலேயே கலக்க வேண்டும். கண் திட்டத்தில் ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டினால் உப்பு கூடிப் பேதி அதிகமாகும்.

---

மாத்திரைடப்பா:

முதல் சுற்றின் முதல் சில நாளிலேயே பேதி, வாய்ப்புண், குழப்பமான பேச்சு எல்லாம் சேர்ந்து கடுமையாக வந்தால் அதை "கீமோன்னா அப்படித்தான்" என்று விடாதீர்கள். டி.பி.டி. குறைபாட்டின் முகம் அதுதான். அந்த நச்சை முறிக்கும் மருந்து ஒன்று இருக்கிறது, ஆனால் கடைசி மாத்திரை விழுங்கி 96 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும்.

கை கால் தோலுக்கு: முதல் நாளிலிருந்தே 10 சதவீத யூரியா க்ரீம், காலையும் ராத்திரியும். சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவுவது, இறுக்கமான செருப்பு, நீண்ட நடை எல்லாம் குறையட்டும். இன்னொன்று யாரும் சொல்வதில்லை: கேபெசிடபைன் கைரேகையை அழித்துவிடும். போன் பூட்டு, வங்கி, அரசு வேலை எதிலாவது அம்மாவின் ரேகை தேவைப்பட்டால் தொடங்குவதற்கு முன்பே ரகசிய எண்ணுக்கோ வேறு வழிக்கோ மாற்றிவிடுங்கள்.

கழிவறை: மாத்திரை நாள் முழுக்கவும், கடைசி மாத்திரைக்குப் பின் 48 மணி நேரமும், மூடியைப் போட்டு இரண்டு தடவை ஃப்ளஷ். வாந்தி, மலம் பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவைக்க வேண்டும். இந்த வேலை உங்களுக்கும் தம்பிக்கும், தம்பி மனைவிக்கு அல்ல. மற்றபடி அவள் அம்மா பக்கத்தில் உட்காரலாம், தொடலாம், கட்டிக்கொள்ளலாம். மீந்த மாத்திரையைக் குப்பையிலும் கழிவறையிலும் போடாமல் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

---

வார்டுவாசல்:

இன்னும் ஒன்று. அம்மாவிடம் "எப்படி இருக்கும்மா" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பிள்ளைகளுக்குச் சிரமம் தர வேண்டாம், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இரண்டும் சேர்ந்து நோயாளிகளை மறைக்கவைக்கும். பொதுவாகக் கேட்காமல் எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள்: ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க, இன்னைக்கு எத்தனை டம்ளர் தண்ணி, சட்டை பட்டனை நீங்களே போட்டீங்களா. கடைசிக் கேள்வி முக்கியம். ஆக்சாலிபிளாட்டினால் வரும் மரமரப்பு அடுத்த சுற்று வரைக்கும் போகாமல் நின்றாலோ, பட்டன் போடவும் கீழே விழுந்த ஊசியை எடுக்கவும் தடுமாறினாலோ அடுத்த டிரிப்புக்கு முன் சொல்ல வேண்டும். மருந்து அளவைக் குறைப்பதோ ஆக்சாலிபிளாட்டினை நிறுத்துவதோ அந்தக் கட்டத்தில்தான் முடிவாகும். மருந்து நின்ற பிறகும் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம் என்பதால் "கடைசிச் சுற்றுதானே, தாங்கிக்குவேன்" என்பது தப்புக் கணக்கு.

ஒவ்வொரு டிரிப்புக்கும் முன் ரத்தம் பார்ப்பார்கள். நியூட்ரோஃபில் (தொற்றோடு போராடும் ஒரு வகை வெள்ளை அணு) 1500க்குக் கீழே, பிளேட்லெட் 75,000க்குக் கீழே என்றால் பொதுவாக ஒரு வாரம் தள்ளிவைப்பார்கள். அது சகஜம், நோய் முற்றியதாக அர்த்தமில்லை. ஆகவே விடுப்பு போடும்போது நான்கு தேதிக்கு மட்டும் போடாமல் கூடுதலாக இரண்டு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்மாறாக, முதல் சுற்றை உங்கள் வசதிக்காகத் தள்ளாதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. நீங்கள் சொன்ன கணக்குப்படி ஆறரை வாரத்தில் தொடங்குகிறது, பல் வேலைக்கும் சோதனை முடிவுக்கும் ஒரு வாரம் தள்ளினாலும் அதற்குள் அடங்கும்.

---

மழைக்குருவி:

பல் டாக்டர் நாளைக்குக் காலை. டி.பி.டி. சோதனை பற்றிக் கேட்டேன், நாங்கள் கேட்டால் அனுப்புகிறோம் என்றார்கள். ரத்தம் நாளை மறுநாள் எடுக்கிறார்கள். மல்டிவிட்டமின் டப்பாவைப் பார்த்தேன், ஃபோலிக் அமிலம் 1.5 மி.கி. என்று இருக்கிறது. டாக்டரிடம் காட்டும் வரை எடுத்து வைத்துவிட்டேன்.